சிவப்பு வளையம்

பட்டறையின் நீண்ட மேசைமேல் காலை வெயில் விழுகிறது. பார்வையற்ற கூடைக்காரி அதைப் புறங்கையில் உணர்ந்தபடி, மடியில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, கைவினைஞர்களுக்கு உரிய கூலி தரும் நியாய வணிகக் கடைக்குச் சரக்கு எடுக்க வந்தவரிடம் டிசைனர் மேடம் பொரிந்து தள்ளுகிறாள். "இந்தக் கூடையோட மூடி முழுக்க என் யோசனை சார். இவங்க வெறும் கைதான்." போன தடவையும் இதே பேச்சு. கூடையில் கட்டிய அட்டையில் மேடத்தின் பெயர் மட்டும் இருந்ததைச் சக்கர நாற்காலிச் சாயக்காரர் வாசித்துச் சொன்னார். அன்றைக்கே கூடைக்காரி மனசுக்குள் கறுவிக்கொண்டாள். இந்தத் தடவை அவரிடம் சொல்லி, கண்ணைப் பறிக்கிற சிவப்பில் நார் வாங்கி, மூடியின் உச்சியில் ஒரு வளையம் வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் அதைத்தான் இழுப்பார்கள். இழுத்தால் இறுகும். திறக்கிற முடிச்சு விளிம்புக்கு அடியில், விரலுக்கு மட்டும் தட்டுப்படும்.

"திறந்து காட்டுங்களேன்," என்கிறார் வந்தவர். மேடம் சிவப்பு வளையத்தை இழுக்க, நார் முனகுகிறது. மறுபடி இழுக்கிறாள், வளையல்கள் குலுங்குகின்றன, ஒரு நகம் நறுக்கென்று ஒடிகிறது. கூடைக்காரியின் காதில் தேன் பாய்கிறது. சாயக்காரர் சிரிப்பை இருமலாக்குகிறார். "அக்கா, கொஞ்சம் திறந்து குடுங்கக்கா," என்கிறாள் மேடம். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அக்கா.

"நான் வெறும் கைதானே மேடம்."

வந்தவரின் நாற்காலி இவள் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்கிறது. கூடைக்காரி அவசரப்படவில்லை.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க மேடம். நான் அப்படித்தான் யோசிச்சேன்."