இரவல் குப்பி

மூன்று மாதமாக விலக்கு நாளல்லாத நாளிலும் ரத்தம் படுவதால், பனியன் கம்பெனியின் மாதச் சோதனை என்றாலே பூங்கோதைக்குக் குலை நடுங்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்று உடம்புக்குள் பரவக் கிளம்பும் நாளையே சிறுநீரிலிருந்து சொல்லிவிடும் சோதனை அது.

இன்று காலை, பக்கத்து மெஷின் ஜெசிந்தாவிடம் கெஞ்சி அவளுடைய சிறுநீரைக் குப்பியில் வாங்கித் தன் பேரில் கொடுத்துவிட்டாள். ஜெசிந்தாவின் முறை அடுத்த வாரம்தான். மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் வேலை போகும் என்று சோதனை அறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் நர்ஸ் பூங்கோதையைத் தனியே அந்த அறைக்குள் கூப்பிட்டாள்.

"பயப்படாத கண்ணு. இன்னிக்குத்தான் கிளம்பியிருக்குது. இப்பவே ஊசி போட்டா நின்னுரும். ரெண்டு நாள் விட்டா நுரையீரலுக்குப் போயிரும்."

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். அறைக் கண்ணாடிக்கு வெளியே ஜெசிந்தா பையை மாட்டிக்கொண்டு, தப்பித்தாயா என்று சிரித்தபடி சைகையில் கேட்டாள்.

பூங்கோதை கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்தாள்.

"இவளுக்குப் போடுங்க சிஸ்டர். அது இவளோடதுங்க. என்னோடத இன்னும் யாரும் பாக்கலீங்க."