சாவுக்கு அடைத்த பீர்

பாட்டிலைக் கவிழ்த்ததும் செத்த கரப்பான் பூச்சி ஒன்று வழுக்கிக்கொண்டு வாளியில் விழுந்தது. கூடவே ஊறிப்போன சிகரெட் துண்டுகள். நோரீன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கிளப் குப்பைத் தொட்டியில பொறுக்கினது, அப்படித்தான் இருக்கும்" என்றான் டார்சி, பூச்சியை விரலால் எடுத்துச் சுண்டி எறிந்தபடி. "ரெக்ஸ் சாவுக்கு ஊரே வரும். அவன்கிட்ட இருந்த பாட்டில் எங்க போதும்?"

டார்சி அவள் தம்பி ரெக்ஸின் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு நாள் முன்பு அவளுடைய போனில் செய்தி விட்டிருந்தவனும் அவன்தான். 'சனிக்கிழமை எல்லாரும் கூடி ரெக்ஸ் சாவுக்குப் பாட்டில்ல பீர் அடைக்கிறோம்' என்று தொடங்கியது அது. அதற்கு மேல் கேட்கத் தெம்பில்லாமல் அணைத்துவிட்டாள். அடிலெய்டிலிருந்து புரோக்கன் ஹில் வரை தனியாகக் காரோட்டி வந்தாள். வழியெல்லாம் செந்தூசியும் அழுகையும்.

வந்து பார்த்தால் கொல்லைத் தகரக் கொட்டகையில் சிரிப்புச் சத்தம். புளித்த மாவும் பழைய காலுறையும் சேர்ந்தாற்போல் ஒரு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. டார்சியின் மனைவி கொலீன் சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் பாட்டில்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததைக் கிருமி மருந்துத் தண்ணீரில் முக்கி, ஈரம் வடியக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெக்ஸ் முன்னறையில படுத்திருக்கான்" என்றாள் கொலீன் குரலைத் தாழ்த்தி. "முதல்ல ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"அப்புறம் பாக்கறேன்" என்றாள் நோரீன். அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. முன்னறையில் ஆளைக் கிடத்திவிட்டு இங்கே கும்மாளம் போடுகிறார்களே என்றிருந்தது.

அந்த வாடை அவளுக்குப் புதிதல்ல. அப்பாவும் வீட்டில்தான் பீர் காய்ச்சினார். அவர் பாட்டில்களைக் கழுவியதும் அவள்தான், அவர் வாந்தியெடுத்த தரையைக் கழுவியதும் அவள்தான். குடித்துக் குடித்தே அவர் போய்ச் சேர்ந்தார். அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய கையோடு, அவர் காய்ச்சி வைத்ததையே ரெக்ஸ் திறந்து எல்லோருக்கும் ஊற்றினான். நோரீன் தன் கோப்பையை அவன் காலடியில் கவிழ்த்துவிட்டு வெளியேறினாள். அதன்பின் கிறிஸ்துமஸுக்கு அவன் போன் பண்ணினாலும் எடுத்ததில்லை.

எடுத்திருக்கலாம். வரும் வழியில் அதை நினைத்துத்தான் இரண்டு தடவை காரை ஓரம் கட்டினாள்.

டார்சி பெரிய பிளாஸ்டிக் பீப்பாயின் மூடியைத் திறந்தான். உள்பக்கம் முழுக்கப் பழுப்பு நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அடியில் சளி மாதிரி ஈஸ்ட் கசடு. அவன் பீப்பாயின் அடியில் இருந்த குழாயைத் திருகி உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து உறிஞ்சினான். மீசையில் ஒட்டியதைப் புறங்கையால் துடைத்து, கையைக் கால்சட்டையில் தேய்த்தான். நோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரைதான்" என்று கொலீனை எச்சரித்தான். "அளவு மீறினா கேஸ் அதிகமாகி வெடிச்சுடும். 'என் சாவுக்கு வர்றவன் எல்லாம் எனக்குத் துணையாக் கிளம்பிடப் போறான்டா'ன்னு ரெக்ஸே சொல்லியிருக்கான்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நோரீனுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. பேச்சை மாற்ற, இது எப்போது குடிக்கிற பதத்துக்கு வரும் என்று கேட்டு வைத்தாள்.

"இன்னிக்கு அடைச்சா அடுத்த மாசம் ஆகும்" என்றான் டார்சி. "ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு கேஸ் ஏற வேண்டாமா?"

அடுத்த மாதம். அதற்குள் குழியில் புல்லே முளைத்துவிடும். சாவுக்கு என்றதெல்லாம் வெறும் சாக்கு, செத்தவன் பெயரைச் சொல்லி இவர்கள் குடிக்கத்தான் இத்தனையும் என்று அவளுக்குப் பட்டது. அப்பா வீட்டில் நடந்ததேதான் இங்கேயும்.

அவள் டார்சியைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு, பீப்பாயின் குழாயை முழுக்கத் திருகினாள். பீர் கொட்டகைத் தரையில் பீய்ச்சி அடித்து, கசடும் நுரையுமாக அவள் செருப்பை நனைத்துக்கொண்டு சாக்கடையைப் பார்த்து ஓடியது.

"ஐயோ, என்ன பண்றீங்க" என்று கொலீன் எழுந்தாள். மூடப்போன டார்சியின் கையை நோரீன் தட்டிவிட்டாள். "ஒரு பாட்டில்கூட அடைக்க விடமாட்டேன். என் தம்பியைக் கேவலப்படுத்தினது போதும்."

கொட்டகை வாசலில் செருப்பு தேயும் ஓசை கேட்டது. நீண்ட இருமல் ஒன்று வந்து அடங்கியது. பிறகு, மூச்சு வாங்க ஒரு குரல்:

"மூடு நோரி. நான் செத்தப்புறம் கொட்டிக்கோ."