திரையை அணைத்த கம்ப்யூட்டர்

பழைய எட்டு பிட் கம்ப்யூட்டரின் பக்கத்தில் புதிதாக ஒரு மோடம் வந்து உட்கார்ந்தது. டெலிபோன் லைனில் வரும் கடிதத்தை எழுத்து எழுத்தாக வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர்.

வந்த அன்றே மோடம் கத்தியது. "என்னய்யா இது, பாதி எழுத்தைக் கீழே விடுறே? என் வேகத்துக்கு வாங்க முடியாதா உன்னால?"

கம்ப்யூட்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "வர்ற ஒவ்வொரு எழுத்தையும் நானே பிடிக்கணும், திரையிலயும் நானே வரையணும். வரையற நேரத்துல நீ கொட்டினா எப்படிப் பிடிக்கிறது? கொஞ்சம் மெதுவா குடு!"

"மெதுவாவா? அதுக்கு வேற ஆளைப் பாரு."

"சரி, கொட்டு! ஒண்ணாவது விடுறேனான்னு பாரு!"

கோபத்தில் கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிட்டது. வரைகிற வேலை இல்லாததால் இப்போது ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. வந்துகொண்டிருந்த கடிதத்தில் இன்னும் நாலே வரிதான் பாக்கி.

மகளின் கடிதத்துக்காகக் காலையிலிருந்து காத்திருந்த வீட்டுக்காரர் தெய்வசிகாமணி அப்போது உள்ளே வந்தார். திரை இருட்டாகக் கிடந்தது.

"சனியன், மறுபடி நின்னுபோச்சு!" என்று கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். பிடித்து வைத்திருந்த எழுத்து அத்தனையும் போயிற்று.

தனிப் பிளக்கில் ஓடிக்கொண்டிருந்த மோடம் மிச்ச நாலு வரியையும் கொட்டி முடித்துவிட்டு, "என்மேல குத்தம் இல்லப்பா. நான் முழுசா அனுப்பிட்டேன்" என்றது.

"யாருக்கு?" என்று கேட்டது ஒயர்.