கழுத்தில் வெளிச்சம்

திரையில் டல்சியின் கழுத்து ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் துயி படத்தை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

டல்சிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொன்னால் அவள் ஊரான மூண்டாவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஊர்ச் சேதி எல்லாம் முதலில் விடிவது அந்த வாயில்தான்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. அதை உடம்பு விரட்டிவிடாமல் இருக்கத் தின்கிற மாத்திரை, உள்ளே இருக்கும் காவல்காரனையும் சேர்த்துத் தூங்கவைக்கும். அந்த நேரம் பார்த்துப் புற்று நுழையலாம். கொஞ்ச நாளாக விடாத காய்ச்சல், இடுப்பில் நிற்காத பாவாடை. அதனால்தான் அடிலெய்டு வரை வந்து இந்த ஸ்கேன்.

ஊசியில் ஏற்றுவது சர்க்கரை மாதிரி ஒன்று. உடம்பில் எது பசித்திருக்கிறதோ அது அள்ளித் தின்னும். தின்ற இடம் ஒளிரும். ஒளிந்திருக்கும் கட்டி தானே விளக்கேற்றித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். துப்புத் துலக்குவதில் டல்சிக்கு அப்பன்.

ஊசி போட்ட பின் ஒரு மணி நேரம் தனி அறையில், போன்கூட இல்லாமல், வாய் திறக்காமல் படுத்திருக்க வேண்டும். இதை டல்சியிடம் போய்ச் சொன்ன நர்ஸின் தைரியமே தைரியம்.

துயி இன்னொரு படத்தை அதன்மேல் பொருத்தினாள். எங்கும் ஒரு நெறிக்கட்டுகூட வீங்கவில்லை. எரிந்தது குரல்வளைத் தசையும் நாக்கும். உழைத்த தசை தின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"புற்று எதுவும் இல்ல, டல்சி. ஆனா ஒரு மணி நேரமும் பேசியிருக்கீங்க."

"சத்தியமா இல்ல, கண்ணு."

துயி திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

ஊரையே வேவு பார்த்தவளை ஒரு மிஷின் வேவு பார்த்துவிட்டது. டல்சிக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"ரூம்ல யாருமே இல்லையே. யார்கிட்ட பேசுனீங்க?"

டல்சி வலது அடிவயிற்றைத் தட்டினாள்.

"பயந்தா யார்கிட்ட சொல்றது? எங்க அக்காகிட்டதான். அவ குடுத்ததுதான இது."

"ஐயோ... அக்கா எப்போ தவறினாங்க?"

"தவறுறதா! கீழ கார்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. அவதான் ஓட்டிட்டு வந்தா. வழி முழுக்க ரேடியோதான் பேசுச்சு."

டல்சி கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மாவில் கறி பொதிந்து சுடும் பேஸ்டிக்குள் எது போடலாம், எது கூடாது என்பது மூண்டாவில் வேதவாக்கு.

"கறி பேஸ்டிக்குள்ள கேரட் போட்டவகூட எவ பேசுவா?"