எடை குறைந்த வண்டி

நவநீதனின் ரேஸ் பைக்கில் அதிகம் உழைத்த பாகம் சைடு ஸ்டாண்டுதான். வண்டி நாள் முழுக்க டீக்கடை வாசலில் நிற்கும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும்.

புதுசாக மாட்டிய டைட்டானியம் சைலென்சர் ஒருநாள் பஞ்சாயத்தைக் கூட்டியது. “வேகம் கூடணும்னா எடை குறையணும். இங்க யாரு தண்டமா தொங்கிக்கிட்டு இருக்கறது?”

“இந்த ஸ்டாண்டுதான். நாம ஓடும்போது இவனுக்கு என்ன வேலை?” என்றது கார்பன் மட்கார்டு.

“நீங்க ஓடி நான் எங்கண்ணே பார்த்தேன்?” என்றது ஸ்டாண்டு.

சபை அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்டாண்டின் மேல் சாய்ந்துகொண்டே, அதைக் கழற்றுவது என்று தீர்மானம் போட்டது.

நவநீதனுக்கும் அதே யோசனை. மறுநாளே மெக்கானிக்கிடம் போய்க் கழற்றச் சொன்னான். ஸ்டாண்டு பழைய இரும்புப் பெட்டிக்குள் விழுந்தது.

தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவன் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே வந்து இறங்கினான். பழக்கதோஷத்தில், இல்லாத ஸ்டாண்டைக் காலால் தட்டினான். வண்டியை விட்டுவிட்டு, போட்டோ எடுக்கச் செல்போனைத் துழாவினான்.

பெட்டிக்குள் கிடந்த ஸ்டாண்டுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எடையைக் குறைத்திருந்ததால், கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்டது.