கிழிந்த இடம்

"மனுஷன் பொய் சொல்லுவான், ஸ்கேன் சொல்லாது!" என்று முழங்கிய மேனேஜர் வசந்தகுமார், "மெஷின் சரியாத்தானே அளக்குது?" என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். தோள்வலி என்று லீவு கேட்ட ராபினைக் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையிலிருந்து அவரே அழைத்து வந்திருந்தார்.

டாக்டர் இரண்டு தோளையும் அளந்தார். "இடது தசைநார் ஆறு மில்லிமீட்டர், நல்லா இருக்கு. வலதுல பாதி கிழிஞ்சிருக்கு. கனமா எதையோ தூக்கியிருக்கார்."

"கம்பெனில கிரேன்தான் தூக்குது! வெளியில இன்னாடா தூக்கின? மறைச்சா வேலை போயிடும்."

"ஞாயித்துக்கெழம ஒரு ஊட்டு மாடிக்கு பீரோ ஏத்தினோம் சார்."

"மாட்டிக்கினியா! யார் ஊடு?"

"உங்க ஊடுதான் சார். பீரோ மறைச்சிக்கினு இருந்திச்சா, என் மூஞ்சி தெரிஞ்சிருக்காது."

ரிப்போர்ட்டில் 'காயம் ஏற்பட்ட இடம்' என்ற கட்டத்தை நிரப்ப, டாக்டர் மேனேஜரிடமே அவர் வீட்டு விலாசத்தைக் கேட்டார்.