ஐந்தாவது பிரதி

முகத்தில் விழுந்த குத்தில் புகைப்படக் கலைஞரின் பல் தெறித்தது. வந்தவன் சுவரிலிருந்த படத்தைச் சுத்தியலால் நொறுக்கினான்.

"ஐயோ, உலகத்துலயே அஞ்சு பிரதிதான்யா போட்டேன்!"

"தெரியும். மூணைத் தேடிப் போய் எரிச்சுட்டேன். இது நாலாவது. நெகட்டிவ் எங்க?"

சுத்தியல் விரல்களில் இறங்கியது. அலறியபடியே அவர் அலமாரியைக் காட்டினார். படமும் நெகட்டிவும் அவன் மூட்டிய தீயில் கருகின.

"அப்போ அஞ்சாவதை வாங்கினது நீதானா? ஒரே பிரதின்னா அதோட மதிப்பு எங்கேயோ போயிடுமே!"

வந்தவன் பையிலிருந்து ஐந்தாவது பிரதியை எடுத்து அதே தீயில் எறிந்தான்.

"பைத்தியமாடா உனக்கு?"

"இந்தப் படத்துல, எரியற பஸ் ஜன்னல் வழியா ஒரு பொண்ணு உன்னைப் பார்த்துக் கை நீட்டுதே, அது என் மகடா. கேமராவைக் கீழே போட்டுட்டு அந்தக் கையைப் பிடிச்சிருக்கலாமேடா!"